மேடையில் என் குரல்

என் மனைவி நாடகம் போடுகிறாள் என்று அலுவலகம் முழுக்க நான்தான் சொல்லித் திரிந்தேன். மகள் சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, தஞ்சாவூரில் சனிக்கிழமைகளில் நடந்த நடிப்புப் பயிற்சிக்கு அவள் போக ஆரம்பித்திருந்தாள். பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள், அவள் வாழ்க்கையை அவளே எழுதி அவள் ஒருத்தியே நடிக்கும் நாடகம் என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஒத்திகைக்கு வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பாசன அலுவலகத்தில் வேலை. மேட்டூர் அணை திறந்த நேரம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகளின் போன் ஓயவில்லை. நேரே நாடகத்துக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு சின்ன அரங்கம். என் மேலதிகாரியையும் அவர் மனைவியையும் முன்வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். சக ஊழியர்கள் பின்னால்.

மேடையில் ஒரு நாற்காலி மட்டும். சின்ன வயதில் ஞாயிறு ஆராதனையில் பாடப் பயந்து பாட்டுக்குழுவின் கடைசி வரிசையில் ஒளிந்ததை நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காதில் செல்போனை வைத்தாள்.

"சொல்லுங்கண்ணே… சாயங்காலத்துக்குள்ள தண்ணி வந்துரும்ங்க… ஷட்டரைத் தூக்கச் சொல்லியாச்சு, நீங்க கவலைப்படாதீங்க."

அச்சு அசலாக என் குரல். போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வீட்டில் நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்கிற மாதிரியே உள்பக்கம் திரும்பி, "இந்தா, தண்ணி" என்றாள். மறுபடி போனில், "உங்களுக்குத்தாங்க முதல்ல."

அரங்கம் குலுங்கியது. துண்டை எடுத்துவிட்டுத் தன் குரலில் சொன்னாள்: "என் பேரை அவர் முழுசாச் சொல்லிக் கேட்டது ஒரே ஒரு தடவை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்தப்ப."

அதிகாரி மனைவிக்குப் பின்னால் கை நீட்டி என் தோளில் தட்டினார். "அப்படியே நீதான்யா." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த காட்சியில் அவள் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் விடுதிக்குப் போன வருடம் ஒரு காலையில், திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, இனித் திரும்புவதில்லை என்று ரயில் ஏறியிருக்கிறாள். வழியில் பூதலூரில் என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டாள். மத்தியானம் முழுக்க அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பி வந்திருக்கிறாள். இரவு சாப்பாட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"தயிர் ஏன் உறையலை?"

அதையும் என் குரலில்தான் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் மனைவி கைப்பையை எடுத்து எங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தத் தயிர் நினைவிருந்தது. அவள் முகம் அன்று எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நாடகம் முடிந்ததும், "அம்மா நல்லா நடிச்சாங்க சார்" என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டு சக ஊழியர்கள் போனார்கள். நான் ஒப்பனை அறைக்குப் போனேன். அவள் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"அதுக்குத்தான் ஒத்திகைக்குக் கூப்பிட்டேன். யாரும் இல்லாதப்ப நீங்க மட்டும் பார்க்கட்டும்னு."

"இத்தனை பேர் முன்னாடி…"

"அவங்களை நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. "ஏன் திரும்பி வந்தே?" என்று கேட்டேன்.

"அது எனக்கே சரியாத் தெரியலை. தெரிஞ்சா நாடகத்துல வச்சிருப்பேன்."

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட நினைத்தேன். பார்த்த நாடகத்துக்குப் பரிகாரம் செய்கிற மாதிரி இருக்கும் என்று வாய் வரவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒருவர் என் மேசையில் டம்ளரை வைத்து, "இந்தா, தண்ணி" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். குனிந்துகொண்டு குடித்தேன்.

அடுத்த மாதம் கும்பகோணத்தில் அதே நாடகம். "வர்றீங்களா? கஷ்டமா இருந்தா வேணாம்," என்றாள். போனேன். தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் கூச்சம் குறையவில்லை. முதல் தடவை அதிகாரி என்ன நினைப்பாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாதி நாடகத்தைத் தவறவிட்டிருந்தேன் என்பது அன்றுதான் தெரிந்தது. பூதலூர் பெஞ்சில் அவள் அடிக்கடி செல்போனை எடுத்துப் பார்க்கிறாள். அது அடிக்கவே இல்லை.

முடிந்ததும் அந்த நாற்காலியை வெளியே தூக்கி வந்தேன். வாசலில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார், "அந்த அம்மாவோட வீட்டுக்காரர் நீங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

நாற்காலியை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டு, அவள் வரும்வரை அங்கேயே நின்றேன்.