மடிப்பில் கிழிந்த புள்ளித்தாள்

போன கிழமை முழுதும் நான் ஒரு தாளை மடித்துக்கொண்டே திரிந்தேன்.

என் மகள் சுகந்தியின் புள்ளித்தாள் அது. தொழில்நுட்பப் பள்ளியில் ரைப்பிங்கும், கந்தோரில் கோப்புப் பார்க்கிற வேலையும் படிக்கிறாள். எங்காவது ஒரு கந்தோரில் ஆறு மாதம் பயிற்சி பெற்றால்தான் கடைசிப் பரீட்சைக்கு இருக்கலாம். சேர்த்துக்கொள்வதாக ஒரு கடிதம் வேண்டும் — வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு முன். இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களாம். நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளுக்குப் பள்ளியே இடம் பிடித்துக் கொடுத்துவிட்டது. மற்றவர்கள் தாங்களே தேட வேண்டும்.

என் மகள் மற்றவர்களில் ஒருத்தி.

நான்கு பாடமும் 'சாதாரண சித்தி'. தட்டுத்தடுமாறிப் பாஸ் என்பதற்கு மரியாதையான பெயர். அடியில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'வேகம் போதாது.' ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது விளங்குகிறது, மனேஜர்மாருக்கு விளங்காதா? ஆகவே பெயரும் முத்திரையும் உள்ள மேல்பாதி மட்டும் தெரியும்படி தாளை மடித்தேன்.

என்ன பிரயோசனம்? கையில் வாங்குகிறவர் முதலில் செய்வதே விரிப்பதுதானே!

இன்னொரு சிக்கல், நான். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு இவ்வளவு கதைக்கிறேன்... ஒரு ஆளுக்கு முன்னால் நின்றால் நாக்கு எழும்பாது. எனக்கு மூதூர் போகிற லோஞ்சுப் படகுக்கு ரிக்கற் கொடுக்கிற வேலை. கம்பி வலை, அதில் கை போகிற அளவுக்கு ஒரு துவாரம். இத்தனை வருடமும் அந்தத் துவாரம்தான் என் தைரியம். இப்போது அதன் மற்றப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

நான்கு நாளில் ஏழு கந்தோர். சிலர் கதிரை தந்தார்கள், சிலர் தலையே நிமிர்த்தவில்லை. எல்லோரும் சொன்ன சொல் ஒன்றுதான்: ஏலாது. ஓரிடத்தில் பியோன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"எல்லாம் சித்தியாத்தான் இருக்கு. உத்தியோகத்தில ஒரு மாமன் இல்லையோ?"

அவன் பகிடியாகத்தான் சொன்னான். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, ஏழாவது கந்தோர் வாசலில் தாள் மடிப்போடு கிழிந்தது. மேல்பாதி ஒரு கையில், கீழ்ப்பாதி மறு கையில். நான் சொல்லாமல் விடலாம்... ஆனால் உங்களிடம் மறைத்து என்ன? முதலில் எனக்கு வந்தது கவலையில்லை, சந்தோஷம். வீட்டுக்கு வந்து, நாளைக்கு மேல்பாதியை மட்டும் கொண்டுபோவோம், மற்றது தொலைந்துவிட்டது என்று சொல்வோம் என்றேன்.

சுகந்தி இரண்டு துண்டையும் என் கையிலிருந்து வாங்கினாள்.

"கீழ்ப்பாதியும் என்ரதானே அப்பா" என்றாள்.

பிறகு குசினிக்குள் போய் ஒரு பிடி சோறு எடுத்துவந்தாள். பருக்கையை நசுக்கி, பின்பக்கம் மெல்லிய தாள் வைத்து, ஒரு நூல் விலகாமல் இரண்டு பாதியையும் ஒட்டினாள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. வேகம் போதாதுதான்.

வெள்ளிக்கிழமை மிச்சமிருந்தது துறைமுகப் பக்கத்து ஐஸ் பக்டரி ஒன்று. மனேஜர் கிண்ணியாக்காரர். ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். நானும் சுகந்தியும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்தபோது இரண்டேகால். நான் எழும்பினேன். பாடமாக்கி வைத்திருந்த வசனம் வரவில்லை. தாளை நீட்டினேன்.

அவர் புள்ளியைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பினார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத ஆரு ஒட்டின?"

"நான்தான் சேர்" என்றாள் சுகந்தி.

"என்னத்தால?"

"சோத்தால. கடைப் பசை பூசினா தாள் சுருங்கிப்போகும்."

அவர் எழும்பி அலுமாரியைத் திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாய்த் தாள்கள். மெசின் ஓடிய விபரம் நாளாந்தம் எழுதியவை. ஈரத்தில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் கிழிந்து கிடந்தன. கொழும்பிலிருந்து பார்வையிட வருகிறார்களாம். "ஐஸ் பக்டரியில தண்ணி உறையும், தாள் கரையும்" என்றார். இவற்றைப் பிரித்து ஒட்டி, திரும்ப ரைப் பண்ண ஆள் வேண்டுமாம்.

பிறகுதான் சிவப்பு மை அவர் கண்ணில் பட்டது.

"வேகம் போதாதாம்" என்று வாசித்தார். "வேகமான ஆள் முன்ன ஒருவர் இருந்தார். பாதித் தாள் அவர் கிழிச்சதுதான்."

சேர்த்துக்கொள்ள ஓம் என்றுவிட்டார். கடிதத்தை நீங்களே அடியுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று ரைப்ரைட்டரைக் காட்டினார். மணி இரண்டேமுக்கால். சுகந்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். டக்... டக்... ஆசிரியர் எழுதியது பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது! ஆறு வரி. முடிந்தபோது மூன்றேகால். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளிக் கந்தோரில் இருந்தவர் கதவைச் சாத்தக் கை வைத்த நேரம் அது. ஆனால் நான் சொல்ல வந்தது பஸ்ஸில் நடந்ததை.

முத்திரை மை இன்னும் காயவில்லை. மடிக்கேலாது. பொக்கற்றுக்குள் வைக்கேலாது. நெரிசலில், இரண்டு கையாலும் கடிதத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் திரும்பும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் மேல் விழுந்தேன். ஆட்கள் பார்த்தார்கள். சுகந்தி வெட்கத்தில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொண்டக்டர் சத்தம் போட்டான். "ஐயா, கம்பியப் பிடியுங்கோ!"

அந்தக் கிழமையில் முதல் தடவையாக என் குரல் தெளிவாக வந்தது.

"ஏலாது" என்றேன்.