செல்வியின் கண்

என் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். ஐந்தாவது வரைதான் படித்தேன். இப்போது மறதி வேறு.

என் மூத்த மகள் செல்வி போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள். வருடப் படையலுக்கு வைக்க, அவள் போட்டோவைப் பார்த்து பென்சிலில் படம் வரைய தி.நகரில் ஒருவரிடம் கொடுத்தேன். அவளுக்கு மாறுகண். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைச் சொல்லித்தான் வேண்டாமென்று போனார்கள். “படத்துலயாவது கண்ண நேராக்கிடு நைனா” என்றேன்.

அழகாகத்தான் வரைந்திருந்தார். சின்னவள் பார்த்துவிட்டு, “யாரும்மா இது? நம்ம அக்கா எங்க கீது?” என்று அழுதாள். எனக்கும் அது யாரோ மாதிரிதான் இருந்தது.

திரும்பப் போய், கண் இருந்தபடியே வரையச் சொல்லி வாங்கி வந்தேன். இப்போதெல்லாம் படம் வரையக் கொடுக்கிறவர்களிடம், எதையும் மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

இதில் தப்பு இருந்தால் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். மாறுகண் என்று எழுதியதை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.