சரக்கின் குணத்தைக் கேட்ட மெகருன்னிசா அக்கா

கூடுவாஞ்சேரி லாரி ஆபீசில் எங்களோடு இருந்த டிரைவர் ஏழுமலைதான் போன் செய்தார். "பாயம்மா பூட்டாங்க சார். ஊரப்பாக்கம் வூட்லதான் வெச்சிகினு கீறாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்பால எடுக்குறாங்களாம்." படூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனை வரை டிரைவர்கள் நின்றிருந்தார்கள். சிலர் சரக்கோடு வண்டியை ஜிஎஸ்டி சாலையில் ஓரங்கட்டிவிட்டு வந்தவர்கள்.

டிரைவர்கள் பாயம்மா என்று கூப்பிட்ட மெகருன்னிசா அக்காவோடு பழகியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது அதிகமில்லை. வேதியியல் படித்தவர். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆபீசுக்குப் புக்கிங் பொறுப்பாளராக வந்தார். எனக்குப் பக்கத்து மேசை. ஆபத்தான சரக்குகளை ஒன்பது வகையாகப் பிரித்து, வகைக்கேற்ற நிறத்தில் சாய்சதுர வில்லையை வண்டியில் ஒட்ட வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது. ஒட்டுகிறவர்கள்தான் குறைவு. யாராவது சரக்கின் பேரைச் சொன்னால் அக்கா மறிப்பார். "பேரு கெடக்கட்டும். அது இன்னா பண்ணும், அத்தச் சொல்லு. தீப்புடிக்குமா, தோல அரிக்குமா, மூச்ச அடைக்குமா?"

ஒருமுறை பெயின்ட் தின்னரையும் பிளீச்சிங் பவுடர் டிரம்களையும் ஒரே லாரியில் ஏற்றிவிட்டார்கள். அக்கா பாதியை இறக்கச் சொன்னார். முதலாளிக்கு எரிச்சல். "ஒரே ஊருக்குத்தானேம்மா போவுது?" என்றார். "தின்னரு எரியும். பவுடரு அதுக்குத் தூபம் போடும். நடுவுல டிரைவரு ஒக்காந்துகினு போவணுமா?" என்றார் அக்கா. சரக்கு இரண்டு லாரிகளில் போனது.

அடுத்து நடந்ததைத்தான் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் கூட இருந்தேன். அக்கா விடுப்பில் இருந்த ஒரு மழைநாளில், சுண்ணாம்பு என்று சொல்லி வந்த டிரம்களை முதலாளி சோதிக்காமலே மாமல்லபுரத்துக்கு அனுப்பினார். திருக்கழுக்குன்றம் தாண்டி, ஏழுமலை ஓட்டிப்போன வண்டி பள்ளத்தில் சரிந்தது. மறுநாள் காலை, விடுப்பு முடிந்து வந்த அக்காவும் நானும் ஆபீசில் இருந்தபோது, ஏழுமலை எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டார். "டிரம்மு சுடுது பாயம்மா. பூண்டு வாசன அடிக்குது." அக்காவின் முகம் மாறியது. "அது சுண்ணாம்பு இல்ல, கார்பைடு. தண்ணி பட்டா தீப்புடிக்கிற காஸு கெளம்பும். எல்லாரையும் தூர வெரட்டு. பீடி பத்த வெக்காத. நாங்க வர்றோம்."

நாங்கள் போனபோது தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. வீரர்கள் குழாயை விரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நனைந்துகொண்டே ஓடிக் குழாய்க்கு முன்னால் நின்றார். "தண்ணி வாணாம் சார்! கார்பைடு! தண்ணி ஆவாதுன்னு சொல்ற நீல வில்ல ஒட்டாம அனுப்பிட்டாங்க!" அதிகாரி சட்டென்று கையை உயர்த்தினார். வீரர்கள் பின்வாங்கினார்கள். எதிர் டீக்கடை அடுப்பை அணைத்து, வேடிக்கை பார்த்த கூட்டத்தை வயல் பக்கம் தள்ளினோம். சற்று நேரத்தில் ஒரு டிரம்மின் மூடி பறந்து தீ மேலெழுந்தது. லாரியின் முன்பக்கம் கருகியது. பக்கத்தில் யாரும் இல்லை. தீ தணிந்து மழையும் விட்ட பிறகு காய்ந்த மணலைக் கொட்டினார்கள். ஏழுமலை ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார்.

போலீஸ் வந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லும்படி முதலாளி அக்காவைக் கெஞ்சினார். டிரைவர்தான் மாற்றி ஏற்றிவிட்டார் என்றும் சொல்லிப்பார்த்தார். அக்கா இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஏழுமலை மீது வழக்கு வரவில்லை. அக்காவுக்கு வேலை போயிற்று. ஜிஎஸ்டி சாலையில் வேறெந்த லாரி ஆபீசும் அவரைச் சேர்க்கவில்லை. வீட்டில் டியூஷன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டு லாரி ஷெட்டில் டிரைவர்களை உட்கார வைத்து, எந்த நிறத்துக்கு எந்த ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தார். அப்படிக் கற்றவர்கள்தாம் அவர் அடக்கத்தன்று தெருமுனையில் நின்றவர்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"வருத்தம்லாம் இல்லப்பா. கோவம்தான் கீது. ஒரு மனுசன் உசுர சுண்ணாம்புன்னு சொல்லி அனுப்பிட்டாங்களே. அந்தக் கோவம் போவக் கூடாதுன்னுதான் துவா கேக்குறேன்."

இன்று நானும் ஒரு சரக்குக் கிடங்கில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறேன். "பார்த்துக்கலாம் சார், ஏத்துங்க" என்று யாராவது சொன்னால் எனக்குள் சுருக்கென்று ஒன்று எழுகிறது. அது அக்காவின் கோபம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நான் அதை ஆறவிடவில்லை.