வேர்க்கிற படம்

போன் வந்தபோது கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஐப்பசி மழை. கடலூரிலிருந்து டிராயிங் மாஸ்டர் லூர்துசாமியின் சம்சாரம் ரோசலி. அவள் வாயைத் திறக்குமுன்பே, "என்னம்மா, படம் மறுபடி வேர்த்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. அவரு போயிட்டாரு."

அடக்கத்துக்கு வந்தவர்களே, பெட்டிக்கு மேலே சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். உப்பனாற்றங்கரை மாதா கோயில், லூர்து வாட்டர்கலரில் வரைந்தது. கண்ணாடிக்கு உட்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணீர். "பிரேம் போட்டவன் சரியில்ல" என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. போட்டவன் நான்தான். சிதம்பரம் கீழவீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவன். படிப்பு அஞ்சாவதோடு நின்றாலும், என் பிரேமுக்குள் ஓர் எறும்பு போனதில்லை. அதனால் சொல்லியே ஆக வேண்டும்.

அதை வரைந்த அன்று நானும் கரையில் இருந்தேன். கலர், பிரஷ், குடை, பிஸ்கட் வரைக்கும் கொண்டுவந்த மனுஷன் தண்ணீரை மறந்துவிட்டார். தெருக்குழாய் கூப்பிடு தூரத்தில். எழுந்து போகச் சோம்பல். டப்பாவை ஆற்றில் முக்கினார்.

"உப்புத் தண்ணி, மச்சான்" என்றேன்.

"கோயிலு நிக்கிறது இந்தத் தண்ணி ஓரந்தான? கொழாத் தண்ணியில வரைஞ்சா அது வேற கோயிலு!"

உப்பு ஈரத்தை இழுக்கும். எட்டு வருஷமாக, மழை பிடித்தால் கோயிலுக்கு மேலே வானம் வேர்க்கும். உடனே படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கடை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்க, "உன் வேலை சரியில்ல, மச்சான்!" என்பார். நான் பிரிப்பேன், துடைப்பேன், காயவைப்பேன், திரும்ப ஆணி அடிப்பேன்.

"நல்ல தண்ணியில இன்னொண்ணு வரையேன். கையா தேஞ்சிடும்?"

"உன் தப்புக்கு நான் ஏன் வரையணும்?"

ஒரே ஒரு தடவை, தண்ணீர்தான் தப்பு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன மழைக்கு நடக்க முடியாமல், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே கத்தினார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ரோசலி படத்தை என்னிடம் கொடுத்தாள். "இங்க இத யாருண்ணே பிரிச்சித் தொடைப்பாங்க?"

இப்போது என் கடையில், கல்லாவுக்கு மேலே இருக்கிறது. நேற்று நல்ல மழை. கல்யாணப் போட்டோவுக்குக் கண்ணாடி போட வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "என்னங்க, உள்ள தண்ணி நிக்குது? யாரு போட்ட பிரேமு?"

ஆறு, டப்பா, குழாய் எல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நான்தாங்க. வேலை சரியில்ல" என்றேன்.

போட்டோவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். இதுவும் உன்னால்தான், மச்சான்.