யானைக்குக் கண் வைத்த பிறகு என்னுடைய முறை

பிள்ளைகளே, கோயில் பெருநாள் விளையாட்டில் அப்பா சின்னப் பிள்ளைகளின் வரிசையில் நின்றது உங்களுக்கு இன்னும் வெட்கமாம். அம்மா சொன்னார்.

யோயோ வித்தை காட்டலாமா என்றுதான் கேட்டேன். ஒழுங்கு செய்தவர், கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைத்தலுக்கும், கரண்டியில் தேசிக்காய் ஏந்தி ஓடும் ஓட்டத்துக்கும் நடுவில் என்னைப் போட்டுவிட்டார்.

“விளையாட்டுச் சாமான்தானே அண்ணை, குறை நினையாதேங்கோ.”

“மூண்டு வருசமாய்ப் பழகிறன், தம்பி.”

“ஓம், என்ரை மகனும் வைச்சிருந்தவன். பிறகு வளந்திட்டான்.”

வலை இழுத்துக் காய்த்த கை யோயோவைத் தொட்டால் மூளை சுருங்கிவிடும் என்று அன்றுதான் அறிந்தேன்.

சுழலும் யோயோவை நூலின் மேல் ஏற்றி நிறுத்தினேன். நீங்கள் பார்க்கவேண்டும் என்றுதான் அத்தனை நாள் பழகினேன். நீங்களோ யாரோ வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஐஸ்கிறீம் வான் பக்கம் திரும்பி நின்றீர்கள்.

என்னோடு போட்டிக்கு ஒருவரும் இல்லை. ஆகவே முதற்பரிசு எனக்கே. முயல் படம் போட்ட சாப்பாட்டுப் பெட்டி. “நல்லாய்ப் படிக்கவேணும்” என்று சொல்லித்தான் தந்தார்கள்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அந்தப் பெட்டிக்குள் யோயோவையும் மாற்று நூலையும் வைத்து மூடினேன். அளவாக இருந்தது. கடலுக்குக் கொண்டுபோகும் பையில் போட்டுக்கொண்டேன்.