மூச்சு வாங்கிய பெயர்

மகள் பிறந்த இருபத்தைந்தாம் நாள் அவளுடைய பெயர் எட்டாகிப் போனது.

எண்சாத்திரக் கணக்கில்தான். பெயரை ஆங்கிலத்தில் எழுதி, எழுத்துக்கு ஓர் எண் போட்டுக் கூட்டுவார்கள். எட்டு வந்தால் அது சனியின் எண். கூட்டிச் சொன்னவர் அஜின்கோர்ட்டில் இருந்த ஓர் அண்ணை. பகலில் கார்களுக்குக் கண்ணாடி மாற்றுவார், பின்னேரங்களில் ரெலிபோனில் மற்றவர்களுடைய விதியை மாற்றுவார். அவராக எடுக்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன்.

"தம்பி, பிள்ளையின்ரை பேரையும் உம்மடை பேரையும் சேர்த்துத்தான் பாத்தனான். எட்டு."

"எட்டெண்டால் கூடாதோ அண்ணை?"

"கூடாதெண்டு நான் சொல்லேல்லை. எட்டு எண்டு மட்டும்தான் சொன்னனான்."

கூடாது என்றே சொல்லியிருக்கலாம்.

பரிகாரமும் சொன்னார். "எச் எழுத்துக்கு அஞ்சு. ஒண்டு போட்டால் பதின்மூண்டு, கூட்டினால் நாலு. அது இதைவிட மோசம். ரெண்டாப் போடும். பதினெட்டு, கூட்டினால் ஒன்பது. பிள்ளை ராசாத்தி மாதிரி இருப்பா."

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை அவள். அப்படிப்பட்ட பிள்ளையின் தகப்பனுக்கு மூளை பாதி நேரம்தான் வேலை செய்யும். அவள் தும்மினால் அம்புலன்ஸ் நம்பரைத் தேடி ரெலிபோன் புத்தகத்தைப் புரட்டுவேன். ஒன்பது, ஒன்று, ஒன்று. அதைத்தான் தேடுவேன்.

அதன்பின் நாங்கள் இருந்த ஸ்காபரோ முழுவதும் எட்டாகத் தெரிந்தது. நாங்கள் இருந்தது எட்டாம் மாடி. ஏழில் லிப்டை விட்டு இறங்கி மிச்சத்தைப் படியால் ஏறினேன். கீழே பிள்ளைகள் செய்து வைத்த பனிமனிதனைப் பார்த்தால், ஒரு உருண்டைக்கு மேல் இன்னொரு உருண்டை. எட்டுக்குக் கரட் மூக்கு வைத்ததுபோல நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மனைவி சிரிக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சர். கலியாணம் முடித்த முதல் வருடமே மகளுக்குப் பெயர் தெரிவுசெய்து வைத்துவிட்டாள். பிள்ளைதான் பிந்தி வந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்க வேண்டும், அதே நாள் பிறப்புப் பதிவுப் படிவமும் தபாலில் போக வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. படிவம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது.

"ரெண்டு எச்சை அந்தப் பேருக்குள்ளை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? வாசிக்கிறவைக்கு இழுப்பு வந்திடும்."

"ஒண்டை நடுவிலை, ஒண்டைக் கடைசியிலை..."

"இஞ்சாருங்கோ. ஒன்பது வருஷமா நான் மனசுக்குள்ளை கூப்பிட்ட பேர் உது. ஒரு எழுத்துத் தொட்டியள் எண்டால் நான் உங்களோடை கதைக்கமாட்டன்."

அவள் சொன்னால் செய்கிறவள். ஒருபக்கம் சனி, மறுபக்கம் மனைவி. சனி ஏழரை வருடத்தில் விட்டுவிடும்.

அப்போது நான் பாதர்ஸ்ட் வீதியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். முதலாளி யூதர். என் வயதுதான், நக்கல் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. தலையில் சின்ன வட்டத் தொப்பி. மத்தியானத்தில் ஒரு கையில் முட்டை சாண்ட்விச், மறு கையில் தங்கள் வேத எழுத்துகளுக்குள் மறைபொருள் தேடும் தடித்த புத்தகம். நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவன் என்பதால் என்னை 'புரொபெசர்' என்பார்.

மறுநாள் அவர் ஓர் அழைப்பிதழின் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மண்டபத்தின் பெயரில் இரண்டு எச் கூடுதலாக நின்றன.

"புரொபெசர், என் அழைப்பிதழுக்குள் யார் மூச்சு விடுவது?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

"உங்கள் கணக்கில் எச் எத்தனை?"

"ஐந்து."

"எங்கள் எழுத்தில் அதற்குப் பெயர் ஹே. அதுவும் ஐந்து!"

பிறகு அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்ன கதை இது.

ஆபிராம் என்ற மனிதர் நட்சத்திரம் பார்க்கத் தெரிந்தவர். பார்த்ததில் தனக்குப் பிள்ளை இல்லை என்று கண்டு இடிந்துபோனார். "ரெலிபோன் இருந்திருந்தால் உன்னைப்போல எடுத்திருப்பார்" என்றார் முதலாளி. கடவுள் அவரிடம், "சாத்திரத்தை விட்டு வெளியே வா. ஆபிராமுக்குப் பிள்ளை இல்லை. ஆபிரகாமுக்கு உண்டு" என்றார். ஓர் எழுத்துக் கூடியது. அவ்வளவுதான்.

"அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதில்தான் இரகசியம். அவருடைய மனைவி பெயர் சாராய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் ஒரு 'அம்' போட்டால் எங்களூரில் போத்தலில் கிடைக்கும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

"சாராயின் பெயர் யோத் என்ற எழுத்தில் முடிந்தது. யோத்தின் மதிப்பு பத்து. கடவுள் புது எழுத்துச் செய்யவில்லை. அந்தப் பத்தை எடுத்து இரண்டு ஐந்தாகப் பிரித்தார். இரண்டு ஹே. ஒன்று அவளுக்கே திரும்பிப் போனது, அவள் சாராஹ் ஆனாள். மற்றது புருசனுக்கு, அவர் ஆபிரகாம். பிறகுதான் பிள்ளை."

"அப்படியென்றால் ஆபிரகாமின் எழுத்து மனைவி கொடுத்ததா?"

"யாருக்குத்தான் இல்லை?" என்றார். "ஹே எப்படிப்பட்ட எழுத்து தெரியுமா? நாக்கு வேண்டாம், பல் வேண்டாம், உதடு வேண்டாம்." ஜன்னல் கண்ணாடியில் 'ஹா' என்று ஊதினார். வட்டமாகப் பனிப்புகார் படிந்தது. "வெறும் மூச்சு. பயப்படுகிறவனுக்கும் அது இருக்கிறது."

போகும்போது, தங்களில் ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள்தான் பெயர் வைப்பது, எட்டைப் பற்றி இனி மரியாதையாகப் பேசு என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

இவ்வளவு அழகான கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட படிப்பினை என்ன? வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே மனைவியிடம் கதையை ஒப்புவித்துவிட்டு, "அப்ப எழுத்து மனிசியின்ரை பேரிலையிருந்துதான் வரவேணும்" என்றேன்.

அவள் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றது.

"என்ரை பேரிலையும் கை வைக்கப் போறியளோ?" பிறகு ஏதோ யோசித்தாள். "பொறுங்கோ. அண்ணைக்கு உங்கட பேரை எப்பிடி எழுதிக் குடுத்தனீங்கள்?"

"சரியாத்தான்."

"சரியா எண்டால்? ஊரிலை எழுதின மாதிரியோ, இஞ்சத்தைக் கடதாசியிலை கிடக்கிற மாதிரியோ?"

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். நான் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெயரைக் கேட்டார். அகதி என்று சொல்ல வந்தவனுக்குச் சொந்தப் பெயர் மறந்துபோனது. ஞாபகம் வந்தபோது அது தனியாக வரவில்லை. முதல் துண்டுக்குப் பிறகு ஒரு 'ஹ்', கடைசியில் ஒரு 'ஹா' என்று மூச்சோடு வந்தது. அந்த மனிதர் காதில் விழுந்ததை எழுதினார். அன்றிலிருந்து என் கடதாசிகளில் எல்லாம் என் பெயர் எட்டு மாடி ஏறி வந்ததுபோல் மூச்சு வாங்கியபடி நிற்கிறது. சட்டம் கேட்கிற இடத்தில் தவிர அப்படி எழுதமாட்டேன். திருத்துவதற்கான விண்ணப்பம் நிரப்பியபடி மேசை லாச்சியில் கிடந்தது.

"ஊரிலை எழுதின மாதிரித்தான். இஞ்சத்தைக் கடதாசியிலை ரெண்டு எச் கூடுதல்" என்றேன்.

"பிள்ளையின்ரை கடைசிப் பேர் என்ன?"

"என்ரை பேர்தானே."

"கடதாசியிலை உள்ளபடிதானே?"

"ஓம்."

"எட்டும் பத்தும்?"

"பதினெட்டு."

"ஒண்டும் எட்டும்?"

"ஒன்பது, ரீச்சர்."

"என்ரை பேரிலையும் ஒண்டும் எடுக்கத் தேவையில்லை, அவளின்ரை பேரிலையும் ஒண்டும் போடத் தேவையில்லை" என்றாள். "நீங்கள் பயந்து விட்ட மூச்சே பிள்ளைக்குப் போதும்."

அஜின்கோர்ட் அண்ணைக்கு வெற்றிச் செய்தி சொல்ல எடுத்தேன்.

"நல்லது தம்பி. ஆனா உந்த எச் ரெண்டோடை உம்மடை பேர் தனிய எத்தினை வருகுது எண்டு பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. இன்றுவரை பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தேன், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் காலையில் திருத்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிரிட்ஜ் கதவிலிருந்து படிவத்தை எடுத்தேன். மகளின் பெயரை மனைவி எழுதினாள், ஒன்பது வருடம் வைத்திருந்த அதே எழுத்துகளில். கடைசிப் பெயரை எழுதச் சொல்லிப் பேனையை என்னிடம் தந்தாள். ஒவ்வொரு எச்சுக்கும் ஒருதரம் நின்று மூச்சு விட்டு எழுதினேன்.

அவள் படிவத்தை வாங்கி விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டுதான். பேனையைத் தாங்கோ, மூண்டாவது மூச்சையும் விட்டிடப் போறியள்."