தம்பியின் தண்டுவடம்

எங்கள் கதிர்வீச்சுப் பிரிவின் தலைமை இயற்பியலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். முதுகுக்குப் பின்னால் டாக்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில், பக்கத்தில் இருக்கிற நல்ல உறுப்பு எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைப்பது அந்த மேடம்தான். அந்தக் கையெழுத்து இல்லாமல் மிஷின் ஓடாது. மிஷினை ஓட்டுகிறவள் நான். ஒரு நாள் காலைப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் பிசகிவிட்டதென்று, வாசல் நிறைய ஆட்கள் காத்திருக்க, மிஷினையே நிறுத்திவிட்டார். நிர்வாக அதிகாரி வந்து தாம்தூம் என்று குதித்தார். "வாங்க சார், படுங்க. முதல்ல உங்களுக்கே குடுத்துப் பார்க்கலாம்" என்றார் மேடம். மனிதர் வாயை மூடிக்கொண்டு போனார். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். பிடிக்காததைத்தான் சொல்ல வந்தேன்.

அவருக்கு ஒரே தம்பி. பஸ் டிரைவர், வாய் ஓயாத மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து எங்களிடமே கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். குணமானதும், "எங்க அக்கா என்னைச் சுட்டே சரி பண்ணிட்டா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

இந்த வருஷம் அது திரும்பி வந்தது. அதே இடம், முதுகெலும்பை ஒட்டி. அறுவை சிகிச்சை டாக்டர் கையை விரித்துவிட்டார். மருந்துக்கும் கேட்கவில்லை. மிச்சம் இருந்தது நாங்கள்தான். ஆனால் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம், வாழ்நாளில் தாங்கக்கூடிய கதிரில் பெரும்பங்கை முதல் தடவையே வாங்கியிருந்தது. அதற்கு மேல் போனால் சில மாதங்கள் கழித்துக் கால் இரண்டும் விழுந்துவிடலாம். அப்படி விழுந்தால் எழாது.

மேடம் திட்டம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். இத்தனை நாளில் தண்டுவடம் ஓரளவு தேறியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தார். கட்டியை முழுதாகப் பிடித்தால் தண்டுவடம் போச்சு. தண்டுவடத்தைக் காப்பாற்றினால் கட்டியில் பாதி தப்பித்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். என்ன மேடம் என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. கேட்டால் கடித்துக் குதறிவிடுவார்.

"குணமாகாது. கதிர் குடுத்தா ஒரு வருஷம் கூடுதலாக் கிடைக்கலாம்" என்றார் எங்கள் டாக்டர். "கால் விஷயம் சொல்லிட்டேன், அவர் சம்மதிச்சுட்டார். நீங்க கையெழுத்துப் போட்டா நான் ரெடி." இப்படிச் சொல்லி எல்லாவற்றையும் மேடத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் தம்பி வந்து அக்காவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"கால்தானேக்கா? போனாப் போகட்டும். இனிமே பஸ்ஸா ஓட்டப் போறேன்? பொண்ணு படிப்பை முடிக்கிறதை உட்கார்ந்த இடத்துலேயே பார்த்துட்டுப் போறேன்."

"கால் மட்டுமில்லடா. ஒண்ணுக்கு, ரெண்டுக்குகூட உன் வசத்துல இருக்காது. படுத்த படுக்கைதான்."

"நீ வந்து தூக்கிவிட மாட்டியா?"

"என் கையாலேயே உன்னை முடக்கச் சொல்றியா?"

"முடக்காம விட்டா மட்டும் ஓட்டப்பந்தயமா ஓடப் போறேன்?"

மேடம் சிரிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. வெளியே காத்திருந்த தம்பி மனைவி, "கூடப் பிறந்தவனுக்கே குடுக்காத மிஷினை வச்சுக்கிட்டு நீங்களே அழுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போனார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கேட்டேவிட்டேன். "அவர் உசிரு, அவர் காலு. வேணாம்னு சொல்ல நீங்க யாரு மேடம்?"

"அவனோட அக்கா."

"அப்படின்னா இந்தக் கணக்கை நீங்க தொட்டிருக்கவே கூடாது. வேற ஆள்கிட்ட குடுத்திருக்கணும்."

மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு ஆள் யார்? அவருக்குக் கீழே இருந்த இரண்டு இளசுகளும் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டி வளர்ந்து, எலும்பைத் தின்று, தண்டுவடத்தை நெரித்துவிட்டது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கப் போனவருக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. எதற்குப் பயந்து மேடம் மறுத்தாரோ, அது கதிர் படாமலே நடந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். மேடம் வாசலுக்கே ஓடிப்போனார்.

"கால் போயிடுச்சுக்கா" என்றார் தம்பி. "இனிமே பயப்பட ஒண்ணுமில்லையே. இப்ப குடு."

மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவை தண்டுவடத்துக்கு வரம்பே வைக்கவில்லை. அத்தனை நாள் வராத திட்டம் மதியத்துக்குள் வந்துவிட்டது. கட்டி முழுதும் கதிருக்குள் அடங்கியது. கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை.

மிஷின் மேஜையில் படுக்க வைத்தோம். மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும், நோயாளியின் வேலை அவ்வளவுதான். படுத்ததுமே கட்டி மூச்சுக்குழாயை அழுத்தி, அவருக்கு மூச்சு முட்டியது. தூக்கினோம். தலைக்கு உயரம் வைத்துப் படுக்க வைத்தோம். உதடு நீலம் பாரித்தது. "தூக்குக்கா, தூக்கு" என்று கத்தினார். டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, போதும், விட்டுவிடலாம் என்று தலையசைத்தார்.

மேடம் தம்பியை நிமிர்த்தித் தன்மேல் சாய்த்துக்கொண்டார். மூச்சு ஒருவழியாக அடங்கியது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடின்னா நல்லாப் படுத்திருப்பேன்கா" என்றார் தம்பி. குத்திக்காட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"தெரியும்டா" என்றார் மேடம்.